எலுமிச்சம்பழத் தோலால் துலக்கிய தோட்டாக்கள்

எனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது ஐயா. அந்த மூலையில் சாய்த்து வைத்திருக்கும் குடை என்னுடையதுதான். அதில் மூன்று கம்பி கிடையாது. மழை வந்தால் குடையும் நனையும், நானும் நனைவேன். ஆனாலும் அதை விட மாட்டேன். "நீ போய்ச் சேரும்போதுகூட ரெண்டு காலி டப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான்டா போவே" என்பாள் என் அக்கா.

தணிக்கைக்கு வந்தீர்கள். தோட்டாப் பெட்டியைத் திறந்து, ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இது மட்டும் ஏன்யா இப்படிப் பளபளங்குது?" என்று கேட்டீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் வேலையை உற்றுப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். அந்த மரியாதைக்காகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

காவலாளிகளை அனுப்பும் இந்தக் கம்பெனியின் ஆயுதக் கிடங்கு என் பொறுப்பு. தோட்டா பாவம், அதிகம் கேட்காது. குளிர்ச்சியான, ஈரமில்லாத, இருட்டான ஓரிடம் கொடுத்தால் முப்பது வருஷம் கழித்தும் சொன்ன சொல் காப்பாற்றும். மனிதர்களில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்த்தவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இறுக மூடிய தகரப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள், மேலே தேதி. பழையது முதலில் வெளியே போக வேண்டும். வாசலில் 'ஒரு தோட்டாகூட வீணாகாத கிடங்கு' என்று பலகை தொங்குகிறதே, அதற்கு முதலாளி தன் கையாலேயே ஆணி அடித்தார். சுத்தியல் என் விரலில் விழுந்தது. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெட்டியை ஏசியின் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டேன், மூடியைச் சரியாக அழுத்தாமல். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் இருபத்தைந்து தோட்டாவும் தண்ணீரில் படுத்திருந்தன. பித்தளை அடி பச்சை பிடித்திருந்தது. கெட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் பலகையைக் கழற்றுவார்கள். அவ்வளவுதான் விஷயம். எலுமிச்சம்பழத் தோலை எடுத்து, அம்மா பாத்திரம் துலக்குவதுபோல ஒவ்வொன்றாகத் தேய்த்து, வெயிலில் காய வைத்தேன். என் கல்யாணப் படத்தில் நான் இருப்பதுபோல வந்தன: வெளியே பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லை. பெட்டியில் இன்னும் எட்டு வருஷம் ஆயுள் என்று போட்டிருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை. நான் அதை எங்கே வைத்தேன் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

யாரிடம் கொடுப்பது? நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். அப்பா ஆணியும் தாழ்ப்பாளும் விற்றவர். கெட்ட சரக்கைத் திருப்பிக் கொண்டுவராத ஆளாகப் பார்த்துத் தள்ளுவதில் கெட்டிக்காரர். எங்கள் ஆட்களில் அப்படி ஒருவர் என் அக்கா புருஷன். மருந்து கோடவுன் வாசலில் பத்தொன்பது வருஷக் காவல், ஒருமுறைகூடச் சுட்டதில்லை.

"என்ன மச்சான், இதுக்கெல்லாமா பாலிஷ்? உன் செருப்புக்குப் போட்டிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே பத்துத் தோட்டாக்களை வாங்கி இடுப்பு வாரில் செருகிக்கொண்டார்.

நாற்பதாவது நாள், காலையில், மூன்று பேர் இரும்புக் கம்பிகளோடு வந்தார்கள். அத்தான் துப்பாக்கியின் இரண்டு குழலுக்கும் விசையை அழுத்தினார். இரண்டும் டிக்கென்றன. கம்பிகள் அவற்றின் வேலையை ஒழுங்காகச் செய்தன.

சம்பவம் நடந்தால் துப்பாக்கியை எடுத்துச் சீல் வைப்பது கிடங்குப் பொறுப்பாளன். அது கம்பெனி விதி, நான் போட்டதல்ல. திறந்து பார்த்தேன். இரண்டு தோட்டாவின் அடியிலும், விசையை அழுத்தியதற்குச் சாட்சியாக, ஊசி குத்திய பள்ளம் இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு, பள்ளமில்லாத நல்ல தோட்டாக்களைப் போட்டுச் சீல் வைத்தேன். இடுப்பு வாரிலிருந்த எட்டையும் மாற்றிவிட்டேன். காவலாளி பயந்துபோய்ச் சுடவே இல்லை என்று அறிக்கை வந்தது. அத்தான் சாவுக்கு அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. 'பயந்தாங்கொள்ளி பொண்டாட்டி' என்று தெருவே பேசியது. நான்தான் தினமும் போய் ஆறுதல் சொன்னேன். நல்லவேளை, அவளுக்கு நானாவது இருந்தேன்.

போன வாரம் அக்கா மகனுக்கு அதே வாசலில் வேலை கிடைத்தது. கிடங்குக்கு வந்து நின்றான்.

"நல்லதாப் பாத்துக் குடுங்க மாமா. அப்பாவுக்கு வந்த பேரு எனக்கு வரக் கூடாது. எவன் வந்தாலும் ஓட மாட்டேன். நின்னு சுடுவேன்."

ஓடினால் பிழைத்துக்கொள்வானே என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. அலமாரியில் நான்கு நல்ல பெட்டிகள் இருந்தன. எல்லாம் பிறகு வந்தவை. பழைய பெட்டியிலிருந்து பத்து எண்ணிக் கொடுத்தேன். மீதிதான் உங்கள் கையில் இருக்கிறது. பள்ளம் விழுந்த இரண்டும் என் மேஜை இழுப்பறையில், மாத்திரை டப்பாவுக்குள் இருக்கின்றன. சொன்னேனே, தூக்கிப் போட மனசு வராது.

ஏன் ஐயா எழுந்துவிட்டீர்கள்? அவனுக்குப் பணி ஆறு மணி வரைதான். போன் செய்வதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அறிக்கையில் இதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: பழையது முதலில் போக வேண்டும் என்ற விதியை, சொந்த அக்கா மகன் என்பதற்காகக்கூட நான் மீறவில்லை.