கொஞ்சம் சுருங்கினால் போதும்

காலையில் முதலில் பால் வைப்பேன். பால் காய்வதற்குள் பல் துலக்கிவிடலாம். பிறகு சுகப்பிரியாவை எழுப்பி, அவள் உள்ளங்கையில் மஞ்சள் மாத்திரையை வைப்பேன். பாதித் தூக்கத்திலேயே விழுங்குவாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வல்லக்கோட்டை நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏறுவேன்.

தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடிக்கு வந்த வீட்டு ஓனர் டில்லிபாபு ஒருமுறை இதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், பொண்டாட்டிக்கு கையில மாத்திர குட்த்துகினு கீற? எங்கூட்டம்மா பாத்தா என் கதி இன்னா ஆவுறது?"

"நெஞ்சுல கோளாறு வந்தாத்தாண்ணே இந்த மரியாத கெடைக்கும்" என்று சுகப்பிரியா சிரித்தாள்.

அவள் சொன்னது சரிதான். நெஞ்சு வலிக்கு முன்பு அவள் என்னைவிட்டுப் போக இருந்தாள். அவள் போனை நான் பார்ப்பேன். வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள். வள்ளியூரில் அம்மா வீட்டுக்குப் போகப் பையைக் கட்டிய அன்றுதான் வலி வந்தது. அவள் அப்பாவும் சிறு வயதில் மாரடைப்பில் போனவர். அடைத்த ரத்தக் குழாயை விரித்து, ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை உள்ளே வைத்தார்கள். பை பரணுக்குப் போனது.

சில மாதங்களில் அதே இடம் மறுபடி சுருங்கியது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. டாக்டர் ஷாரோன் பொறுமையாக விளக்கினார்.

"சின்ன வயசுலயே உடம்புக்குள்ள வந்து தூங்குற வைரஸ் ஒண்ணு இருக்கு. நிறைய பேருக்கு இருக்கும். ரத்தக் குழாய விரிச்ச இடத்துல காயம் இருக்குமில்லையா, அங்க அது முழிச்சுக்கிட்டு சதைய வளர வைக்குதோன்னு ஒரு சந்தேகம். உறுதியா சொல்ல முடியாது. நீங்க மாத்திரைய மட்டும் ஒருநாளும் விட்டுடாதீங்க."

நான் ஒரகடத்தில் கார் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்களைச் சோதிப்பவன். ஒரு ஹோஸ் தேறாவிட்டால், லைனில் யார்மீதும் பழி விழாமலிருக்க, மூலப்பொருளில் குறை என்று சொல்லிவிடுவோம். யாருக்கும் வலிக்காது. டாக்டர் சொன்ன வைரஸ் எனக்கு அப்படித்தான் பட்டது.

மீண்டும் விரித்தார்கள். அந்த நாட்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவாள். எங்கள் மணவாழ்வில் நன்றாக இருந்த காலம் அதுதான். பிறகு தேறிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் உள்ளங்கையில் வைட்டமின் மாத்திரையை வைத்தேன். அதுவும் மஞ்சள்தான்.

குழாய் மெதுவாகச் சுருங்கும், படியேறினால் மூச்சு வாங்கும், மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவோம், பை மேலே போகும் என்று கணக்குப் போட்டேன். சற்றே சுருங்கிய ஹோஸ்கூட வேலை செய்யும். ஸ்டென்டில் ரத்தம் உறைந்து ஒரே மூச்சில் அடைத்துக்கொள்ளும் என்பது என் கணக்கில் இல்லை. எங்கள் ஹோஸ்களில் ஓடும் எண்ணெய் உறைவதில்லை.

அவள் சாவுக்கு வைரஸ்தான் காரணம் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள். நேற்று மாமியார் கோமதியம்மாள் போன் செய்தார்.

"மாப்ள, சின்னவளுக்கும் அந்தக் கிருமி இருக்குமோ? ஒறக்கமே வரமாட்டேங்கு. மெட்ராசுக்குக் கூட்டிட்டு வந்து காட்டட்டா?"

சுகப்பிரியாவின் தங்கை கனிஷ்காவை அந்த வைரஸுக்காக அலைக்கழிக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை சார். கூட வைத்துக்கொள்ள நினைத்தேன். கடைசியாக என் பெயரைச் சொன்னாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லவில்லை. அடுக்களைச் சுவரில் சாய்ந்து, வியர்த்து, கையை நீட்டினாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை என் ஆபீஸ் பையில் பிரிக்காமல் இருந்தது. அப்போதும் வைட்டமினைத்தான் கொடுத்தேன். கை பழகிவிட்டது. அவள் கேட்டது இதுதான்.

"என்னங்க, அந்த மஞ்ச மாத்திரைல இன்னொண்ணு தாங்க. சரியாயிரும்."