மருமகனுக்குப் பார்த்துக் கொடுத்த கோடாரி

கோடாரி வாங்கப் போனால் இரும்பைப் பார்க்கக் கூடாது தம்பி, பிடியைப் பார்க்க வேண்டும். எல்லாரும் இரும்பைத்தான் பார்க்கிறார்கள். மினுக்கம் இருக்கிறதா, கூர் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவுகிறார்கள். கூர் இல்லாவிட்டால் தீட்டிக்கொள்ளலாம். பிடி பிழையாகப் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறேன். உள்ளே உங்கள் கூடப்பிறந்த காக்காவும் எங்கள் குடிக்குத் தலைவரான மரைக்காயரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். நீங்கள் வீட்டு வளவைப் பார்க்கிறேன் என்று வெளியே வந்தீர்கள். வந்த இடத்தில், "மாமா, முந்தின மாப்பிள்ள கோடாரி பட்டுத்தான் மௌத்தாப் போனாராமே, மெய்தானா?" என்று கேட்டீர்கள்.

மெய்தான். என் மகள் ஸம்றாவை மறுமணம் முடிக்க வந்திருக்கிறீர்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு சாமானை விற்கிறவன் அதில் உள்ள பழுதை மறைக்கக் கூடாது என்பது மார்க்கம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மார்க்கத்தை விட்டவன் இல்லை. இப்படி வேப்பமரத்து நிழலுக்கு வாருங்கள். கொஞ்சம் நீளமான கதை.

மருமகன் றிபாத் கெட்ட மனுஷன் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழுவார். சிகரெட் இல்லை. ஸம்றாவுக்கு ஒரு நாள் கை நீட்டியதில்லை. அவர் தொழில்தான் எனக்கு விளங்கவில்லை. கொழும்பில் இருந்து சனங்களைக் கூட்டிவந்து பொத்துவில் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோவார். எல்லாம் வீடு வாசல் உள்ள சனங்கள். அவர்களைக் கூடாரத்தில் படுக்க வைத்து, தீப்பெட்டி இல்லாமல் நெருப்பு மூட்டக் காட்டிக் கொடுப்பார். அவருடைய வேனுக்குள் லைட்டர் பெட்டியோடு கிடக்கும், நூடுல்ஸும் கிடக்கும். காட்டில் உயிர் பிழைப்பது எப்படி என்று பாடமாம். நான் முப்பது வருஷம் காட்டில் விறகு வெட்டினேன். ஒவ்வொரு நாளும் உயிரோடுதான் திரும்பி வந்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

அது அவர் தொழில், போகட்டும். வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

நீங்கள் வரும்போது முன்சுவரைத் தட்டிப் பார்த்தீர்கள், கண்டேன். தட்டலாம், பிழை இல்லை. அதில் ஒவ்வொரு கல்லும் நான் பார்த்து வைத்தது. ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண் பிள்ளைக்கு வீட்டைக் கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து முன்னால் இருப்பார், பெற்றவர்கள் பின்னுக்குப் போக வேண்டும். போனோம். நானும் என் பெண்சாதி ஜெனூபாவும் குசினிக்குப் பின்னால் இரண்டு அறை போட்டுக்கொண்டோம். முன்னறைக்குக் கடல் காற்று வரும். பின்னறைக்குக் குசினிப் புகை வரும். நான் குறை சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் மாப்பிள்ளையாக ஒரு வீட்டுக்குப் போனவன்தான். என் மாமனார் கடைசிவரைக்கும் பின்பத்தியில்தான் படுத்தார், அங்கேதான் மௌத்தானார். நல்ல மனுஷர், வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. அவருக்கு என் மேல் ஏதும் மனக்குறை இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

போன வருஷம் ஒரு நாள் பகல் சோறு தின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் றிபாத் சொன்னார்:

"மாமா, பின்னுக்கு இரிக்கிற ரெண்டு அறையையும் ஒடச்சிப்போட்டு, ஓலையால கபானாக் குடிசை போடப் போறன். அறுகம்பேக்கு வாற வெள்ளக்காரனெல்லாம் இஞ்சயும் வருவான்."

"அப்ப நாங்க எங்க போற?"

"மாவடிப்பள்ளியில ஒங்கட தங்கச்சிட வீடு பெரிசுதானே. நல்ல வயல் காத்து. ஒங்களுக்கும் சொகம், மாமிக்கும் சொகம்."

ஜெனூபா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஸம்றாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒரு மீன் துண்டை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். வீடு அவள் பெயரில் இருக்கிறது. நான் ஓம் என்று சொல்லிவிட்டுத் தின்றேன். மீன் நன்றாக இருந்தது.

அவரிடம் ஏற்கெனவே ஒரு கோடாரி இருந்தது. வெளிநாட்டுச் சாமான், பார்சலில் வந்தது. பிடியும் தலையும் ஒரே இரும்பு. பிடிக்கு மேல் செம்மஞ்சள் ரப்பர், அடியில் திசை காட்டுகிற முள், அதைத் திருகினால் உள்ளே தூண்டில். இப்படிப்பட்ட சாமானை நான் நம்புவதில்லை. கோடாரி என்றால் வெட்ட வேண்டும், மீன் பிடிக்கவா போகிறது? ஆனாலும் ஆத்திரப்படாமல் பார்த்தால் அதில் ஒரு பழுதும் இல்லை. ஒரே இரும்பு கழலாது. அதுதான் அதில் எனக்கு இருந்த கரைச்சல்.

"என்ன மருமகன், பெருநாளைக்குப் புள்ளைகளுக்கு வாங்கிக் குடுக்கிற சாமானா இது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இதுட வெல தெரியுமா மாமா ஒங்களுக்கு?"

"வெலயக் காட்டித்தானா கொழும்பானுக்குப் பாடம் படிச்சிக் குடுக்கிற? அவன் ஒங்களவிட வெல கூடினத வச்சிருப்பான்."

அவர் சிரிப்பு நின்றது. மறுநாள் தானாகவே வந்தார். "மாமா, மரப்பிடிக் கோடாரி ஒண்டு பாத்துத் தாங்களேன். வீடியோவுல பழைய காலத்து ஆள் மாதிரி எடுப்பா இரிக்கும்" என்றார்.

அவராகத்தான் கேட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்முனை பசாரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். நல்ல தலையாகத்தான் எடுத்தேன். தொங்கவிட்டுத் தட்டினால் மணி மாதிரிக் கேட்க வேண்டும். சத்தம் அடைத்தால் உள்ளே வெடிப்பு. பாரம் ஓங்கும்போது தெரியக் கூடாது, இறங்கும்போது தெரிய வேண்டும். பிடிக்கு விளாமரம் எடுத்தேன். மரத்தின் நார் பிடியின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறிந்து கையைக் கிழிக்கும். இது நேராக ஓடியது. அவர் கையைக் கிழிக்கிற சாமானை நான் கொடுக்கவில்லை. கடைக்காரன்கூட, "மருமகனுக்கா காக்கா? குடுத்து வச்ச ஆள்" என்றான்.

தலையில் உள்ள துளைக்குள் பிடியைச் செருகி, மேலே ஆப்பு வைத்து அடித்து இறுக்குவார்கள். பிடி துளைக்குச் சரியான அளவாக இருக்க வேண்டும், ஆப்பு அடிவரைக்கும் இறங்க வேண்டும். நான் பிடியைக் கொஞ்சம் கூடுதலாகச் சீவினேன். ஆப்பை அடிக்க வேண்டிய அளவுக்கு அடிக்கவில்லை. பிறகு தலை கீழே இருக்கும்படி ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். மரம் தண்ணீர் குடித்தால் ஊதும், ஊதினால் இறுகும். அப்படி இறுகினதை நாலு ஆம்பிளைகள் சேர்ந்து இழுத்தாலும் கழற்ற முடியாது. காய்ந்தால் பழையபடி சிறுத்துவிடும். விறகு வெட்டுகிற எந்த மடையனுக்கும் இது தெரியும். அவசரத்துக்கு ஊறப் போட்டாலும் அன்றைக்கே வெட்டி முடித்துவிட்டு வேறு ஆப்பு அடிப்பான். காட்டில் உயிர் பிழைக்கப் பாடம் நடத்துகிறவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். தெரியாதது என் பிழையா?

புறப்படும் காலையில் அவர் இந்த வளவில் நின்று ஒரு கட்டையைக் கொத்திப் பார்த்தார். கட்டை இரண்டாகப் போனது.

"நல்ல இறுக்கம் என்ன மாமா?"

"இப்ப இறுக்கமாத்தான் இரிக்கி."

இதில் ஒரு சொல் பொய் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

ஸம்றா வாசலில் நின்று சிரித்தாள். "வாப்பா பாத்துத் தந்ததுகா. அதுக்கு ஒண்டும் ஆகாது" என்றாள். அந்த மீன் துண்டுக்குப் பிறகு அவள் என்னைப் பற்றி ஒரு நல்ல சொல் சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

அது கச்சான் காற்று அடிக்கிற காலம். துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். அவர் வேன் கூரையில் கோடாரியைக் கட்டிக்கொண்டு போனார், படத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

காட்டில் கொழும்புச் சனம் சுற்றி நின்றார்களாம். பிள்ளைகளும் நின்றார்களாம். அவர் ஒரு பாலை மரக் கட்டையை நிறுத்திவைத்து, காட்டில் பிழைக்க வேண்டும் என்றால் முதலில் கையில் உள்ள கோடாரியை நம்ப வேண்டும் என்று சொல்லி, நன்றாக ஓங்கினார். தலை கழன்று மேலே போனது. வெறும் பிடியைக் கட்டையில் அடித்துவிட்டு, தலை எங்கே என்று அண்ணாந்து பார்த்தார். பார்க்காமல் விட்டிருக்கலாம். எல்லாம் வீடியோவில் இருக்கிறது. ஊரே பார்த்தது. நான் இரண்டு தரம்தான் பார்த்தேன்.

"அந்தப் புள்ளைகள்ல ஒண்டுக்குப் பட்டிருந்தா?" என்று ஜெனூபா அழுதாள். பட்டிருக்கலாம்தான். ஆனால் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிவந்தது நான் இல்லை.

விபத்து என்று முடிந்தது. ஜனாஸாவை நானும் தோளில் தூக்கினேன், எல்லாரையும்விடக் கூடுதல் தூரம். பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுப்பில் வைத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது, உடனே பற்றியது.

ஸம்றா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருந்தாள். புருஷன் இல்லாத பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் முன்னுக்கு ஒரு ஆண் வேண்டும். அதனால் நானே முன்னறைக்கு வந்துவிட்டேன். கூடாரங்களையும் கயிறுகளையும் பின்னறையில் போட்டுப் பூட்டினேன். கட்டிலை யன்னல் பக்கமாக இழுத்துப் போட்டேன். கடல் காற்று எவ்வளவு சுகம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். சுவருக்கு அங்கால் ஸம்றா அழுவாள். காற்று பலத்து அடித்தால் அவ்வளவாகக் கேட்காது.

ஆகவே தம்பி, அந்தக் கோடாரி தானாகக் கழலவில்லை. றிபாத்தைக் கொன்றது நான்தான். உண்மையைச் சொன்னால் தண்ணீரும் காற்றும்தான் செய்தன, ஆனால் நான் வீண் பேச்சுப் பேசித் தப்புகிற ஆள் இல்லை. நீங்கள் போய்ப் பொலிசில் சொல்லலாம். கிழவனுக்குக் கவலையில் மூளை பிசகிவிட்டது என்பார்கள். இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன் என்றால், இந்த வீட்டின் பழுதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்றுதான்.

இப்போது மரைக்காயர் உள்ளே இருந்து வழக்கம் கதைக்கிறார். புது மாப்பிள்ளை முன்னறையில், நாங்கள் பழையபடி பின்னறையில். வழக்கம் வழக்கம்தான், நான் மறுக்கவில்லை. நீங்கள் காட்டுப் பக்கம் போகிறவர் இல்லையாம். மோட்டார் சைக்கிளில் ஒலுவிலுக்குப் போய் மீன் எடுத்து விற்கிறவர் என்றார்கள். மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பழகிக்கொள்ளலாம். சாய்ந்தமருதில் உங்களுக்கு வேறு நல்ல இடம் அமைந்தால் நான் கோபிக்கவும் மாட்டேன், மரைக்காயரிடம் நானே பக்குவமாகச் சொல்லிவிடுவேன்.

என்ன? என்ன கேட்டீர்கள்?

"அதெல்லாம் நடந்து முடிஞ்ச கததானே, உடுங்க மாமா. இந்த அத்திவாரம் மேல்மாடி ஒண்டு தாங்குமா?" என்றா?

தம்பி பஸால், ஒரு மனுஷனின் மௌத்தைப் பற்றி உங்கள் முகத்துக்கு நேரே இவ்வளவும் சொல்லி முடித்தேன். நீங்கள் அத்திவாரத்தைக் கேட்கிறீர்கள். இப்படிப்பட்ட ஒருவரை நம்பி என் பிள்ளையை நான் எப்படிக் கொடுப்பது? அல்லாஹ்வின் பயம் வேண்டாமா? ஒரு வீட்டுக்காக மனுஷன் இவ்வளவு தூரம் இறங்குவானா?