கைக்கு ஒரு குழந்தை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் இளம்பெண்ணும் அவளுடைய அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் வளைகுடா நாட்டில் நர்ஸ். பொங்கல் லீவுக்கு வந்திருக்கிறாள் என்று பேச்சில் தெரிந்தது.

“இன்னிக்கி ஒங்க வூடு. நாளைக்குப் பண்ருட்டி. அக்காவுக்கு இது ஏழாம் மாசம், பாத்துட்டு வந்துடறேன். ஞாயித்துக்கெழமை ஃப்ளைட்டு அத்தை.”

“அங்கதான் சண்ட நடக்குதே, திரும்பிப் போவணுமா?”

“சைரன் அடிச்சா ரெண்டு நிமிஷம் டைம் இருக்கு. கைக்கு ஒண்ணா ரெண்டு புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓடிடுவேன்.”

“யாரு புள்ளைங்கடி?”

“பொறந்து ரெண்டு மூணு நாளான புள்ளைங்க. எனக்கு அந்த வார்டுதான். நர்ஸே நாலு பேருதான் இருக்கோம். நான் போவலன்னா ரெண்டு புள்ள மேல் மாடியிலயே கெடக்கும்.”



“ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“கீழ்த்தளத்துல பத்திரமா வேலைன்னு சொல்லியிருக்கேன். பாதி நெசந்தான?”

பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது. அத்தை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேட்டா நானும் அதயே சொல்றேன்,” என்றாள்.