கிரகணத்தில் பிடித்த கத்திரிக்கோல்

– முடியாதுங்க அத்தை. அர்ச்சனை பண்ணுங்க, கும்பிட்டுக்கறேன். 'என் கையால வந்த வினை, மன்னிச்சிடு'ன்னு மட்டும் என் வாயில வராது.

– இன்னாமா அகிலா, குமரக்கோட்டத்து முருகன் கோயில் வாசல்ல நின்னுக்கினு இப்படியா பேசுவ? லோகேசு, உன் பொண்டாட்டிய நீயே கேளு. உள்ள குருக்கள் காத்துக்கினு இருக்காரு.

– அகிலா, ப்ளீஸ். ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டா அம்மாவுக்கு நிம்மதி. மேட்டர் ஓவர்.

– உங்களுக்கு ஓவர். எனக்கு? ஏழாம் மாசத்துல புள்ளைய துணியில சுத்திக் குடுத்தாங்களே, அத நானே கொன்னேன்னு ஒத்துக்கணுமா?

– கொன்னேன்னு யாருமா சொன்னா? கிரகணத்தன்னிக்குத் தறியில உக்காராத, கத்திரிக்கோலத் தொடாதன்னு படிச்சிப் படிச்சி சொன்னனா இல்லியா? நீ பாட்டுக்கு ஜரிகைய வெட்டிக்கினு இருந்த. என் கண்ணால பாத்தேன்.

– வெட்டினேன். மறைக்கலியே. அதுக்கப்பால வூட்டுல இன்னா வந்துது, அதையும் சொல்லுங்க.

– கொரோனா ஊருக்கேதான் வந்துது.

– வயித்துப் புள்ளையோட எனக்கும் வந்துது. ஜுரம் விட்டு ஒரு மாசத்துல கால் வீங்கிப்போச்சி, பிரஷர் ஏறிச்சி, கண்ணு மங்கிச்சி. டாக்டரம்மா இன்னா சொன்னாங்கன்னு உங்க புள்ளையாண்ட கேளுங்க. கூடத்தான் உக்காந்துக்கினு இருந்தாரு.

– ஏதோ புரோட்டீன்னாங்கம்மா. எனக்கு சரியா புரியல.

– நல்லாவே புரிஞ்சிது. உங்கம்மா எதிர்ல சொல்லத்தான் வாய் வரல. அத்தை, நஞ்சுக்கொடியில ரத்தக்குழாய் நல்லா வளரணும். அப்பதான் புள்ளைக்கு ரத்தம் போவும். வளர வைக்க ஒரு புரதம் இருக்குது. அத வேல செய்யவுடாம புடிச்சி அடக்க இன்னொண்ணு இருக்குது. வைரஸ் நஞ்சுக்கொடியத் தாக்கினா அந்த அடக்கற புரதம் ஏறிடுமாம். மெட்ராசுக்கு அனுப்பின என் ரத்தத்துல அது எக்கச்சக்கமா இருந்துது. புள்ளைக்குப் போவவேண்டிய ரத்தம் போவல.

– கொரோனாவாலதான்னு அந்தம்மா சத்தியம் பண்ணாங்களா?

– பண்ணல. 'அதுவா இருக்கலாம், நூத்துக்கு நூறு சொல்ல முடியாது'ன்னாங்க. கத்திரிக்கோலால இல்லன்னு மட்டும் நூத்துக்கு நூறு சொன்னாங்க. நான்தான் கேட்டேன். வெக்கத்த வுட்டுக் கேட்டேன். நீங்க சொன்னது எனக்குள்ளயும் அரிச்சிக்கினே இருந்துது அத்தை.

– உன்ன அழவைக்கவா கூட்டியாந்தேன்? எனக்கும் அவன் பேரன்தான். தப்ப யாராவது ஒருத்தர் ஏத்துக்கினாதானமா, அடுத்தது நல்லபடியா தங்கும்?

– அந்த ஒருத்தர் நான்தானா? ரெண்டு வருசமா ஒரு வளைகாப்புக்குக் கூப்புடறது இல்ல. தறியில உக்காந்தா உங்க தங்கச்சி என் கையையே பாக்கறாங்க. அந்தக் கை நெய்ஞ்ச பொடவைய மட்டும் கூசாம வித்துக்கறீங்க!

– கத்தாத அகிலா, ப்ளீஸ். ஜனங்க பாக்கறாங்க.

– பாக்கட்டும்.

– சரிமா. சத்தமா வேணாம். சந்நிதியில நின்னு மனசுக்குள்ள சொல்லிடு, போதும். யாருக்குக் கேக்கப்போவுது?

– என் வயித்துல இருக்கறதுக்குக் கேக்கும் அத்தை. மூணு மாசம் முடிஞ்சிது. அதோட அண்ணன நான்தான் கொன்னேன்னு மனசுக்குள்ளகூட சொல்லமாட்டேன்.