ஓடிய சர்வரும் அணைத்த சர்வரும்

என் பெயர் சினாரா, தகப்பனார் பெயர் தொக்தோசுன், வயது முப்பத்து நான்கு, பிஷ்கெக் நகரம் ஏழாவது குடியிருப்பில் வசிக்கிறேன். மலைக் கணவாய்ப் பாதை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று இணையத்தில் அறிவிக்கும் நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று பனிச்சரிவில் வேன் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். 'பாதை திறந்திருக்கிறது' என்ற பொய்த் தகவலை நான் ஏற்றியதாக என்னைக் கைது செய்திருக்கிறார்கள். நான் ஏற்றவில்லை.

எங்கள் இயக்குநர் தாலாய்பெக், 'சர்வர் ஒரு நிமிடமும் நிற்கவில்லை' என்று வாக்குமூலம் கொடுத்திருப்பதாகப் போலீஸ் ஆய்வாளர் சொன்னார். எந்த சர்வர் என்று இயக்குநரை ஒருவரும் கேட்கவில்லை. எங்களிடம் சர்வர் என்கிற கணினிப் பெட்டி இரண்டு உண்டு. முன்னால் இருப்பது வெப் சர்வர். கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. பின்னால் இருப்பது அப்ளிகேஷன் சர்வர். கணவாயின் பனியளவைப் பார்த்து, திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வது அதுதான். ஆய்வாளருக்குப் புரியவில்லை. விருந்தில் தட்டு தூக்குகிறவனும், வந்த ஆளின் தகுதி பார்த்துக் கறி பிரிக்கிறவனும் ஒருவனா என்று கேட்டேன். பிரிக்கிறவன் போய்விட்டால் தூக்குகிறவன் பழைய தட்டையே எல்லார் முன்னாலும் வைப்பான்.

மின்சாரக் கட்டுப்பாட்டால் சென்ற வாரம் இயக்குநர் அறையில் ஹீட்டர் போடும்போதெல்லாம் ஃபியூஸ் போயிற்று. முந்தாநாள் நான் தங்கை கல்யாணத்துக்கு நாரின் ஊருக்குப் போயிருந்தேன். அப்போது அவர் போன் செய்து, "ரெண்டு பெட்டியில பின்னாடி இருக்கிறத அணைச்சுட்டேம்மா. பக்கம் நல்லாத்தான் தொறக்குது. அது இத்தன நாளா தண்டத்துக்கு ஓடியிருக்கு" என்றார்.

"அண்ணே, தொறக்கிறது பழைய பக்கம்ணே! மொதல்ல அதப் போடுங்க!" என்று கல்யாண வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"அப்ப நான் குளிர்ல சாகணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு பலமுறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பின்னால் இருக்கும் சர்வரிலிருந்து பதில் வராவிட்டால் 'நிலவரம் தெரியவில்லை' என்று காட்டும்படி முதலில் அமைத்திருந்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று, நான் வேண்டாம் என்று சண்டை போட்டும், அதை எடுக்க வைத்தவரும் இயக்குநரே. அவர் போனை எடுக்காததால் நேற்று காலை பேருந்து பிடித்துத் திரும்பினேன். அதற்குள் வேன் ஓட்டுநர் செர்கெலி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கணவாய் ஏறியிருந்தார். நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது இயக்குநர் அறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். போலீஸார் எனக்காகக் காத்திருந்தனர்.

இதைச் சொல்லி முடித்ததும், ஆய்வாளரின் போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். கணவாயில் இன்னும் வேனைத் தோண்டியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இணையப் பக்கத்தில் 'பாதை திறந்திருக்கிறது. பயணம் இனிதாகட்டும்' என்று இருந்தது.

"சர்வர் ஓடுதுல்ல சார், நல்லாப் பாத்துக்குங்க" என்றேன். இதையும் எழுதினால்தான் கையெழுத்து என்றேன். எழுதினார்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, பொய் ஒரு சொல் இல்லை. என் கோபத்தை மட்டும் குறைத்து எழுதியிருக்கிறார்.

(ஒப்பம்) சினாரா