போனில் விசாரித்தவர்கள்

போனில் என் குரல் நன்றாக இருக்கும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, கிரேன் ஓட்ட ஆள் எடுக்கும்போது எல்லா யார்டுகளிலிருந்தும் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்கள் தொழிலில் சான்றிதழை யாரும் நம்புவதில்லை. பழைய சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள், அவ்வளவுதான். என் வார்த்தையில் வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

என் தங்கையின் கணவரும் என்னிடம் வேலை பழகியவர். நெட்டை என்போம். அத்தனை நிதானமான கையை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலைக்கு முயற்சி செய்தார். தங்கையையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மா, அப்பா போனபிறகு அவளை வளர்த்தவன் நான். அவள் தூரமாகப் போய்விடுவாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அங்கே ஆள் எடுப்பவன் என்னிடம் பழகியவன். கூப்பிட்டான். "ஆள் எப்படிண்ணே?"

நான் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லவர்தான்" என்றேன். பொய் சொல்லவில்லை, பாருங்கள். ஆனால் எங்கள் ஆட்களிடம் அந்த மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் குடிப்பார், அல்லது வலிப்பு வரும். வாய்விட்டுச் சொல்ல மனம் வராமல் ஏற்பட்ட பழக்கம் அது.

அவன் இன்னொருவனிடம் சொல்ல, அது யார்டு யார்டாகப் பரவி, உள்ளூரிலும் அவருக்குக் கதவு அடைபட்டது. பிறகு விசாரித்தவர்களிடம் உடனுக்குடன் நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தேன். "தங்கச்சி புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டீங்க, புரியுதுண்ணே" என்று சிரித்தார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் மச்சான் யாருமே வேலை தரமாட்டேங்கிறாங்க?" என்று கேட்டார்.

"நேரம் சரியில்ல மாப்ள" என்றேன்.

கடைசியில், யாரையும் விசாரிக்காத ஓர் இடத்தில் சேர்ந்தார். ஆளை விசாரிக்காதவர்கள் கிரேனின் இரும்புக் கயிற்றையும் பார்ப்பதில்லை. அது அறுந்ததில் கிரேனே சாய்ந்துவிட்டது. அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. கயிற்றை நான் தொடக்கூட இல்லை.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள், தன் பழைய அறையில். போன வாரம், "வெளியூர்ல எங்கயாவது வேலைக்குப் போறேண்ணே. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள். சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

நேற்று வெளியூர் யார்டு ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். கேன்டீனுக்கு ஆள் வேண்டுமாம். "உங்க தங்கச்சி எப்படிங்க?"

அவள் எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேன்காரரோடு குடும்பம் நடத்தியவள். எங்கள் பழக்கமெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். அவள் முகம் மெல்ல மாறியது. கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல பொண்ணுதாங்க" என்றேன். அதிலும் பொய் எதுவும் இல்லை.