ஒதறுகல்லு

இந்தத் தார் ரோடு வராத காலமுங்க. நாம உக்காந்திருக்கற இந்தப் பூங்காவுக்கு அப்போ கம்பி வேலியும் இல்ல, பேர்ப்பலகையும் இல்ல. அந்தக் காலத்துல நம்ம கொன்னையூர்ல பழனாத்தா பழனாத்தான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துல எட்டுத் தலைமுறைக்கு முந்தினவ. நான் பாத்தனா, நீங்க பாத்தீங்களா? எங்கப்பாரு சொன்னாரு, அவருக்கு அவங்கப்பாரு சொன்னாராம். கேட்டதைக் கேட்டபடி சொல்றேன்.

இந்த எடம் அப்போ கோயில் நந்தவனம். பழனாத்தாவுக்கு இங்க களையெடுக்கற வேலை. அரளி, முல்லை, சம்பங்கி, துளசி. சாமிக்கு ஆகறது மட்டுந்தான் இருக்கோணும். மத்ததெல்லாம் களை. பிடுங்கிப் போட்டரோணும்.

அவ புருசன் சென்னியப்பன், கெணறு வெட்டறவரு. ரெண்டு பேருக்கும் ஒரு கிறுக்கு இருந்துதாம். பங்குனி பொறந்தா விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு, அந்தா தெரியுது பாருங்க, அந்தப் பாறைக் குன்று, அந்தக் கரட்டு மேல ஏறிப் போயிருவாங்களாம். வெறகு பொறுக்கவா? இல்ல. ஆடு மேய்க்கவா? அதுவும் இல்ல. சும்மா பூப் பாக்க. தும்பை வெள்ளையாப் பூத்திருக்குமாம், நெருஞ்சி மஞ்சளாப் பூத்திருக்குமாம், விஷ்ணுகிராந்தி தரையோட தரையா நீலமாப் பூத்திருக்குமாம். வேலையத்ததுக போகுது பாருன்னு ஊரே சிரிக்குமாம். சிரிச்சாச் சிரிங்கன்னு இவங்க போவாங்களாம். போவாங்களாம், நிப்பாங்களாம், பாப்பாங்களாம், வருவாங்களாம்.

ஒரு வருசம் கெணத்துல மண்ணு சரிஞ்சு, சென்னியப்பனுக்கு இடுப்புக்குக் கீழ வெளங்காமப் போயிருச்சு. கட்டிலே கதின்னு ஆச்சு. பங்குனி வந்துது. பழனாத்தா தனியாப் போனா. பூவப் பறிச்சு மடியில கட்டிக் கொண்டாந்தா. கரட்டுல இருந்து எறங்கறதுக்குள்ள எல்லாம் தொவண்டு போச்சு. காட்டுப்பூ அப்படித்தானுங்க, கைபட்டாத் தாங்காது. அவரு அதை வாங்கி நெஞ்சு மேல வெச்சுக்கிட்டாராம். பொறவு அவ பறிக்கவே இல்ல. பாத்துட்டு வந்து வாயால சொல்லுவாளாம். அவரு கண்ண மூடிக் கேப்பாராம்.

ஒரு நாள் சொன்னாராம், "இன்னொருக்கா நேர்ல பாத்துட்டாப் போதும் புள்ள. அப்பறம் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கரட்டுக்கு ஒத்தையடித் தடந்தான். வண்டி ஏறாது, கட்டிலும் ஏறாது. அவ என்ன பண்ணுவா பாவம்.

சித்திரை வந்துது. பூவெல்லாம் காஞ்சு விதையா நின்னுது. மனசு கேக்காம அப்பவும் அவ கரட்டுக்குப் போவாளாம். போயிட்டு நேரா வேலைக்கு வருவாளாம். நந்தவனத்து வாசல்ல ஒரு கல்லு. அதுல உக்காந்து, சேலையில ஒட்டுன ஒட்டுப்புல்லு, நாயுருவி எல்லாத்தையும் பிச்சுப் போட்டு, கொசுவத்துல சிக்கின பொடி விதையும் விழ நல்லா ஒதறிட்டு உள்ள போவாளாம். இன்னிக்கும் ஒதறினா, நாளைக்கும் ஒதறினா. தெரிஞ்சு ஒதறினாளா தெரியாம ஒதறினாளா, அதை எங்கப்பாரு சொல்லல.

ஐப்பசி மழை பேஞ்சுது. கல்லைச் சுத்திப் பொடுபொடுன்னு மொளைச்சுது. களைக்கொட்டோட வந்தவ குனிஞ்சு பாத்தா. எலையப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு, கரட்டுச் செடி. மத்த எடமெல்லாம் கொத்தினா, அங்க மட்டும் கொத்தல. காஞ்சு போகாம வாய்க்காத் தண்ணிய அந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டி விட்டா. புருசன்கிட்டக்கூடச் சொல்லல. பூக்காமப் போயிருச்சுன்னா அந்த மனுசன் தாங்குவாரா?

மாசி போயிப் பங்குனி. செடியெல்லாம் மொட்டு. அன்னிக்குன்னு பாத்துத் திருவிழா வேலைய மேற்பாக்க வந்தாரு கோயில் மணியகாரரு. கல்லைச் சுத்திக் களை நிக்கறதைப் பாத்ததும் கோவம் வந்துருச்சு. நாளைக்குக் காலையில நான் வாரப்போ இது இருந்தா, உனக்கு இங்க வேலை இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம்.

அவளுக்கு அந்த ஒரு காலைதான் இருந்துது. விடியறதுக்கு முன்னால ரெண்டு பங்காளிகளைக் கூப்பிட்டு, அவரைக் கட்டிலோட தூக்கச் சொன்னா. உசுரோட இருக்கறவனக் கட்டிலோட தூக்கறதான்னு அவங்க தயங்கி நின்னாங்களாம். சென்னியப்பன் சிரிச்சாராம். தூக்குங்கடா, நாளைக்குத் தூக்கறப்போ பழகின தோளா இருக்கட்டும்னாராம்.

கொண்டாந்து கல்லுக்குப் பக்கத்துல வெச்சாங்க. பொழுது கெளம்புச்சு. வெயில் பட்டுது. பட்டதும் ஒவ்வொண்ணா, ஒவ்வொண்ணா, விஷ்ணுகிராந்தி கண்ணத் தொறந்துது. தும்பை மேல ஈயும் வண்டும் சுத்துது. சென்னியப்பன் கைய நீட்டினாரு. பறிக்கல. கை மேல அந்த நீலம் படறாப்பல சும்மா வெச்சுக்கிட்டாரு. கனவு காணறவராட்டம் கெடந்தாராம்.

மணியகாரரு வந்தாரு, மம்பட்டி ஆளோட. வேலை போனாலும் போகட்டும்னு பழனாத்தா குறுக்க நின்னா.

"சாமிக்கு ஆகாத பூவ எதுக்கு வளக்கற?"ன்னாரு.

"சாமிக்குக் காலு இருக்குதுங்க, கரடேறிப் பாத்துக்கும். இவருக்குத்தான் இல்லீங்க."

அவரு பூவப் பாத்தாரு, கட்டில்ல கெடந்த மனுசனப் பாத்தாரு. பொறவு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, சென்னியப்பன் பக்கத்துல குந்தி, இந்த நீலப்பூவுக்குப் பேரென்னப்பான்னு கேட்டாராம். மம்பட்டி ஆளு வந்த வழியே போயிட்டான்.

அதுக்கப்பறம் பதினோரு பங்குனி அந்தக் கட்டில் இங்க வந்துதாம். நந்தவனம் பூங்காவாச்சு, தார் ரோடு குறுக்க வந்து கோயில் அந்தப் பக்கம் போச்சு, கல்லு மட்டும் நவுரல. நம்ம ஊர்ல சித்திரையில யாரு கரட்டுக்குப் போனாலும் நேரா வீட்டுக்குப் போறதில்ல. இங்க வந்து, நடக்க முடியாத ஒருத்தர் பேரச் சொல்லி, துணிய ஒதறிட்டுத்தான் போவோம். கல்லைச் சுத்தி இன்னிக்கும் களைக்கொட்டு படறதில்ல. ஒதறுகல்லுன்னு பேரு வந்தது அப்படித்தான்.

நானும் அம்பது வருசம் யாரார் பேரையோ சொல்லி ஒதறியிருக்கேன். போன சித்திரையில பக்கத்து வீட்டு மருமகப் பொண்ணு இங்க நின்னு ஒதறுச்சு. கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். எம்பேரைச் சொல்லுச்சுங்க. இந்தா, என் காலுக்கிட்ட நீலமாப் பூத்திருக்குதே, இது அதுதான்.